இளைஞன் ஓட்டும் காருக்குக் காப்புறுதி

நமது வணிகப் பெருமக்கள் ஒரு மூட்டை அரிசியின் விலையைக்கூட நான்கு மொத்தக் கடைகளில் விசாரித்தே வாங்குவர். ஆனால் மகனுக்குக் கார் ஒன்று வாங்கி, அதற்குக் காப்புறுதி எடுக்கும் வேளை வந்தால், கார் விற்றவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டு விடுகின்றனர். பிறகு, "பையன் பெயரில் எடுத்தால் இவ்வளவு பணமா?" என்று கடைவாசலில் நின்று அங்கலாய்க்கின்றனர். இது பற்றி நாம் விசாரித்து அறிந்தவற்றை, கணக்குப் புத்தகத்தோடு பழகிய கண்களுக்கு ஏற்றவாறு இங்கே விளக்க முற்படுகிறோம்.

மலேசியாவில் 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் அது 'பி' லைசென்ஸ். காப்புறுதியின்றி வண்டியைச் சாலையில் இறக்குவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அதோடு லைசென்ஸும் போய்விடும். ஆகவே எடுக்காமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்படி எடுப்பது என்பதே கேள்வி.

முற்காலத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே விலைப்பட்டியலைக் கொண்டிருந்தன. என்ஜினின் கொள்ளளவும் வண்டியின் மதிப்பும் தெரிந்தால் பிரீமியம் தெரிந்துவிடும். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து முழுக் காப்புறுதிக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அதற்குப் பின் ஓட்டுபவரின் வயதும் விலைக்குள் புகுந்து கொண்டது. இளைஞர்க்கு விலை ஏறியதற்கு இது ஒரு காரணம். நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறுபடுவதற்கும் காரணம் இதுவே. நான்கு இடத்தில் விசாரிக்கும் நம் பழக்கம் இங்கேதான் பயன்பட வேண்டும்.

பலர் கையாளும் வழி, வண்டியை அத்தாவின் பெயரில் எடுத்து, மகனைக் கூடுதல் ஓட்டுநராகப் பத்திரத்தில் சேர்ப்பது. இதில் தவறொன்றுமில்லை. ஆனால் இதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. "எனக்கு 55 சதவீதக் கழிவு இருக்கிறது. என் பெயரில் எடுத்தால் பையன் காருக்கும் அது கிடைக்கும்" என்கின்றனர். கிடைக்காது. என்.சி.டி. என்னும் அந்தக் கழிவு, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக ஒரு வண்டியின் மேல் நிற்பது. பழைய வண்டியை விற்றுப் புதியது வாங்கினால் அதை மாற்றிக் கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்கு அது உதவாது. தகப்பனாரிடமிருந்து மகனுக்குச் சொத்துப் போல் இறங்கவும் செய்யாது. ஆகவே அத்தாவின் பெயரில் எடுத்த இரண்டாவது காரும் வெறுங்கழிவிலேயே தொடங்கும். வயதுக்காக ஏற்றிய தொகை மட்டுமே மிஞ்சும்.

இனி கணக்குக்கு வருவோம். தனியார் காருக்குக் கழிவு ஏறும் வரிசை இது: முதலாண்டு ஏதுமில்லை. இழப்பீடு கோராமல் ஓராண்டு கழிந்தால் 25 சதவீதம், பிறகு 30, பிறகு 38.33, பிறகு 45, ஐந்தாண்டு கழிந்தபின் 55. மகன் பெயரில் எடுத்தால் ஆண்டுக்கு 1,500 வெள்ளி, அத்தா பெயரில் எடுத்தால் 1,300 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். மகன் பெயரில் ஐந்தாண்டுக்கு முறையே 1,500, 1,125, 1,050, 925, 825. ஆகக்கூடி 5,425 வெள்ளி. அத்தா பெயரில் 1,300, 975, 910, 802, 715. ஆகக்கூடி 4,702 வெள்ளி. மிச்சம் 723 வெள்ளி.

நல்ல மிச்சம்தானே எனலாம். ஆனால் ஆறாம் ஆண்டில் மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் போய், தன் பெயரில் கார் வாங்குகிறான். வயது ஏறியதால் அவனுக்கும் 1,300 வெள்ளி விலை என்றே வைப்போம். முதலிலிருந்தே அவன் பெயரில் பத்திரம் இருந்திருந்தால் 55 சதவீதம் கழித்து ஆண்டுக்கு 585, ஐந்தாண்டுக்கு 2,925 வெள்ளி. இல்லையேல் ஏணியின் அடிப்படியிலிருந்து தொடங்கி 4,702 வெள்ளி. வித்தியாசம் 1,777. முன்னே 723ஐ மிச்சம் பிடித்து, பின்னே 1,777ஐ விடுவது வியாபாரிக்கு அழகா? ஆகவே நாள்தோறும் ஓட்டப் போகிற பையனுக்கு, சிறிய வண்டியாகப் பார்த்து, அவன் பெயரிலேயே எடுப்பது மேல் என்பது நம் அபிப்பிராயம். வெளியூரில் படித்துக் கொண்டு விடுமுறைக்கு மட்டும் ஓட்டுகிறவனுக்கு அத்தாவின் பத்திரத்தில் பெயர் சேர்ப்பதே போதும். அவனுக்காகத் தனி வண்டியே வீண்செலவு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டியை வழக்கமாக ஓட்டுபவர் யார் என்று நிறுவனம் கேட்கும்போது, மகனே ஓட்டுகிற வண்டிக்கு அத்தாவைக் காட்டுவது பொய். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, வேண்டுமென்றே பொய்யான விடை கொடுத்தவரின் பத்திரத்தை நிறுவனம் செல்லாததாக்கி விடலாம். தராசில் விரல் வைக்காத நம்மவர் இந்தத் தாளில் மட்டும் ஏன் விரல் வைக்க வேண்டும்?

ஏறிய கழிவைக் காப்பதும் ஒரு கலை. 55 சதவீதத்தில் நிற்பவர் ஒரு முறை இழப்பீடு கோரினால் ஏணியின் அடிக்கு வந்துவிடுவார். திரும்ப ஏறுமட்டும் அவர் கூடுதலாகக் கொடுப்பது மேலே கண்ட அதே 1,777 வெள்ளி. எனவே பம்பர் நசுங்கி, பட்டறைக்காரர் 900 வெள்ளி கேட்டால் கைப்பணத்தைக் கொடுத்துவிடுவதே இலாபம். பிறர் வந்து மோதினால் நிலை வேறு. தவறு எதிராளியுடையது எனில், நம் நிறுவனத்திடமே கோரியும் கழிவை இழக்காத ஏற்பாடு உண்டு. ஏஜெண்டைக் கேட்டு அதன்படி செய்க. முன்கண்ணாடிக்கு அதன் மதிப்பில் 15 சதவீதம் கட்டித் தனிக் காப்பு எடுத்தால், கல் பட்டு உடைந்து பணம் பெற்றாலும் கழிவு குறையாது.

விலையைக் குறைக்க வேறு வழிகளும் சொல்வார்கள். 30,000 வெள்ளி பெறும் காரை 20,000க்குக் காப்புறுதி செய்வது அவற்றில் ஒன்று. இது பெரும் நஷ்டம். பழுது பார்க்க 6,000 ஆனால் நிறுவனம் மூன்றில் இரண்டு பங்காகிய 4,000ஐத்தான் தரும். மற்றொன்று, மூன்றாம் நபர் காப்பு மட்டும் எடுப்பது. நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு மட்டுமே அது பொறுப்பு. விலை மிகக் குறைவு. தவணைக் கடன் உள்ள வண்டிக்கு வங்கி இதை ஏற்காது. கடன் தீர்ந்த பழைய வண்டிக்குத் தாராளமாக எடுக்கலாம்.

நிறுவனத்திடம் நேரே எடுத்தால் ஏஜெண்டுக்குச் சேரும் 10 சதவீதம் நமக்குக் கழிவாகக் கிடைப்பதுண்டு. எனினும் விபத்து நாளில் ஓடிவந்து உதவும் ஏஜெண்டு அந்தப் பத்துக்குத் தகுதியானவரே. தக்காஃபுல் முறையை நாடுவோர்க்கு 1984ஆம் ஆண்டின் தக்காஃபுல் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் வழி பிறந்தது. ஆண்டு முழுதும் இழப்பீடு கோராதவர்க்கு உபரியில் பங்கு தரும் நிறுவனங்களும் அவற்றில் உண்டு. அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுக.

பிரீமியத்தின் மேல் 8 சதவீதச் சேவை வரியும், 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும் சேரும். இவற்றில் பேரம் செல்லாது.

நிற்க. நம் கடைக்காரர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று பத்திரத்தில் இருக்கிறது. "அத்தா, லோரி வரவில்லை, நானே என் காரில் சரக்கைக் கொண்டு போடுகிறேன்" என்பான் பிள்ளை. உழைக்கிற பிள்ளை என்று நமக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் தனியார் காரின் வழக்கமான பத்திரம், வியாபாரத்துக்காக மாதிரிச் சரக்குத் தவிர வேறு சரக்கு ஏற்றிச் செல்வதைக் காப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வாடகைக்கு ஆள் ஏற்றுவதும் அப்படியே. பத்து மூட்டை அரிசியோடு வண்டி கவிழ்ந்தால், வண்டிக்கும் பணம் வராது, அரிசிக்கும் வராது. காயம்பட்டவர்க்கு நீதிமன்றத் தீர்ப்பின்படி நிறுவனம் கொடுத்தாலும், அதை நம்மிடம் திரும்பக் கேட்க இடமுண்டு. கடையையே விற்கும் நிலை அங்கேதான் வரும். சரக்குக்கு வணிக வண்டியும் வணிகப் பத்திரமும் தனியே வேண்டும்.

அதே பத்திரத்தில் 'எக்ஸஸ்' என்றொரு வரியும் இருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவரோ, 'பி' லைசென்ஸ்காரரோ, பத்திரத்தில் பெயரில்லாதவரோ ஓட்டி வண்டி சேதமானால், முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கடைச் சிப்பந்தியிடம் சாவியைக் கொடுக்குமுன் இதை நினைவில் கொள்க.

விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யச் சட்டம் கட்டளையிடுகிறது. பையன் பயந்து நாளைக்கு என்று தள்ளிப் போடுவான். பத்திரத்தின் நகலையும், ஏஜெண்டின் தொலைபேசி எண்ணையும், கடையின் எண்ணையும் ஒரே உறையில் இட்டு வண்டியில் வைத்துவிட்டால் அவனுக்குத் தடுமாற்றம் இராது.