ஊர் குளிர்ந்தால் போர்டு குளிராது

"பெங்களூரு குளிருக்கு மதர்போர்டு சூடாகுமாண்ணே? ஊரே ஏசி போட்ட மாதிரி இருக்கு!" பொம்மனஹள்ளியில் சர்வீஸ் கடைக்காரர் முதல் கார்மென்ட்ஸ் அக்கவுன்டன்ட் வரை இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இதை நம்பித்தான் நல்ல ரேமைத் தூக்கி எறிகிறார்கள், விண்டோஸை மறுபடி மறுபடி ஃபார்மட் அடிக்கிறார்கள்.

இந்தக் குளிர் ஊரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவானது. சரி, டிசம்பர் என்றே வைத்துக்கொள்வோம். சிபியு சாக்கெட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகள்தான் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தருகின்றன. 95 வாட் சிபியுவுக்கு அவை வழியாக 80 ஆம்பியர் அளவுக்குப் பாய வேண்டும். பத்தில் ஒரு பங்கு வீணானாலே, நகத்தளவு சில்லுகள் சிலவற்றில் பத்து வாட் சூடு. காற்று படாவிட்டால் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அறை 34 டிகிரிக்குப் பதில் 24 டிகிரியாக இருந்தால் அதில் ஒரு 10 டிகிரி குறையும், அவ்வளவுதான்.

தவிர, பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் வெப்பம் குறைந்துவிடும்.

போதாததற்கு ஓசூர் ரோட்டுப் புழுதி, தையல் யூனிட்டுகளின் பஞ்சு. அங்கே இருக்கும் ஒரு பில்லிங் கம்ப்யூட்டரைத் திறந்து சிபியு ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க் மேல் படிந்த சாம்பல் நிறப் பஞ்சு கம்பளித் துண்டுபோல ஒரே தகடாக உரிந்து வரும். ஃபேன் சுற்றுகிறது என்று கஸ்டமர் சத்தியம் செய்வார். சுற்றுகிறதுதான், காற்றுக்கு வழி எங்கே?

இப்படி அடைத்துக்கொண்ட கம்ப்யூட்டர் காலையில் நன்றாக ஓடி மத்தியானம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். சில போர்டுகள் சூடு தாங்காமல் சிபியுவின் வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸ் வரை இறக்கிவிடும். உடனே "வைரஸ்" என்பார்கள். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' தெரிந்தால் எஸ்எம்பிஎஸ் போச்சு என்பார்கள். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. "சாஃப்ட்வேர்ல 65 டிகிரிதான் காட்டுது" என்றால், அது சிபியுவின் சூடு. மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்தில் மலிவு போர்டுகள் பலவற்றில் சென்சாரே கிடையாது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை சாக்கெட்டைப் பார்த்து வைத்து, அதே வேலையைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் கோளாறு சூட்டில்தான். நிற்காவிட்டால் ரேமைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் பாகம் மாற்றச் சொல்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

உப்பிய கெப்பாசிட்டரைக் கண்டதும் "மட்டமான போர்டு" என்கிறார்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு, ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 85 டிகிரியில் 8,000 மணி, 75இல் 16,000. பஞ்சைச் சுத்தம் செய்தாலே சில வருஷம் கூடுதலாக உழைக்கும்.

தெர்மல் பேஸ்ட்டை அப்பினால் குளிரும் என்பது தவறு. மெல்லிய படலம் போதும். லிக்விட் கூலர் போட்டால் தீர்ந்தது என்பதும் தவறு. பழைய ஃபேன் மாஸ்ஃபெட்டுகள் மேலும் காற்றை அடித்தது, இப்போது அதுவும் போய்விடும். ஹாட் ஏர் காட்டினால் செத்த சிப்புக்கு உயிர் வருமாம்! ஈயமில்லாத சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே சுட்டு எழுப்பிய சிப் பெரும்பாலும் சில வாரத்தில் மறுபடி படுத்துவிடும்.

கடைசியாக, கம்ப்யூட்டர் டேபிள். கம்ப்யூட்டர் பெட்டிக்கென்று மூன்று பக்கமும் பலகை அடித்து, முன்னால் கதவும் வைத்து விற்கிறார்கள். வெளியேறிய சூட்டுக் காற்றையே பெட்டி திரும்பத் திரும்ப இழுக்கிறது. தச்சரிடம் சொல்லிப் பின்பலகையை இன்றே கழற்றுங்கள், கதவையும் எடுத்துவிடுங்கள்.