நிகழ்நிலைச் சந்தைப்படுத்தல்: சிறு மாற்றங்களும் வணிக வளர்ச்சியும்

மாணவர்களே! சந்தைப்படுத்தற் கலவையின் கூறுகளான உற்பத்திப் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் ஆகியன பற்றி முன்னைய அலகிற் கற்றுள்ளீர்கள். இணையத்தின் வழியே பொருள் விற்கும் சிறு வணிகமொன்றில் இந்நான்கும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை இங்கு நோக்குவோம். இப்பகுதியிலிருந்து வினா வரும்போது, "இணையத்தில் விளம்பரம் செய்யலாம்" என ஒரே வரியில் எழுதிவிட்டுப் புள்ளிகளை இழப்போர் பலர். விளம்பரம் மேம்படுத்தலின் ஒரு பகுதி மட்டுமே என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுப்போம். கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பிரதேசத்தில் 'ஹண' எனும் செடியின் நாரைக் கொண்டு கைத்தறியில் நெய்யப்படும் பாய்கள் புகழ்பெற்றவை. சுவரில் தொங்கவிடும் அலங்காரப் பொருள்களாகவும் மெத்தை உறைகளாகவும் இவை பயன்படுகின்றன. 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் இத்தொழிலைத் தொடர்வோரின் தொகை குறைந்தே வருகின்றது. புகழ் இருந்தும் வருமானம் போதாவிட்டால் அடுத்த தலைமுறை தறியில் அமராது. ஆகவே இங்கு சந்தைப்படுத்தல் என்பது வெறும் பாடவிடயமன்று.

இத்தகைய நெசவாளர் குடும்பமொன்று முகநூற் பக்கமொன்றின் மூலம் பாய் விற்பதாகக் கொள்வோம். (கீழ்வரும் எண்கள் கணிப்புக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.) மாதமொன்றில் 1000 பேர் பக்கத்தைப் பார்க்கின்றனர். அவர்களுள் 5% ஆனோர், அதாவது 50 பேர், விசாரிக்கின்றனர். விசாரிப்போருள் 20% ஆனோர், அதாவது 10 பேர், ஓடர் கொடுக்கின்றனர். பாயொன்றின் விலை ரூபா 3000. மூலப்பொருள், கூலி, பொதியிடல் யாவும் ரூபா 2000. எனவே பாயொன்றுக்கு ரூபா 1000 வீதம் மாதம் ரூபா 10,000 எஞ்சும்.

இக்குடும்பத்தின் முன் இரு வழிகள் உள்ளன. முதலாவது, ரூபா 8000 செலுத்தி முகநூலில் விளம்பரம் செய்து பார்வையாளரை 2000 ஆக்குவது. ஓடர்கள் 20 ஆகும். ரூபா 20,000 இல் விளம்பரச் செலவைக் கழிக்க எஞ்சுவது ரூபா 12,000. இரண்டாவது, பணம் செலவிடாது பார்வை, விசாரிப்பு, ஓடர் எனும் மூன்று படிகளையும் பத்திலொரு பங்கால் மாத்திரம் உயர்த்துவது. அப்போது பார்வையாளர் 1100, விசாரிப்பு 5.5%, ஓடர் 22%. பெருக்கிப் பாருங்கள்: 1100 × 0.055 × 0.22 = 13.31. ஏறத்தாழ 13 ஓடர்கள், எஞ்சுவது ரூபா 13,000. மூன்று சிறு உயர்வுகளும் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால் மொத்த உயர்வு 30% அன்றி 33% ஆகின்றது.

இதனால் விளம்பரம் வீண் என முடிவு செய்துவிடக் கூடாது. பக்கத்தைத் திருத்திய பின் அதே விளம்பரத்தைச் செய்தால் 2000 பார்வையாளருக்கு 24 ஓடர்கள் வரை கிடைத்து, செலவு போக ரூபா 16,000 எஞ்சும். ஓட்டைக் குடத்தை அடைத்த பின்னரே நீர் மொள்ள வேண்டும்.

எவற்றைத் திருத்துவது? பார்வையைக் கூட்ட, கூகிள் வரைபடத்தில் வணிகத்தின் பெயர், இருப்பிடம், திறக்கும் நேரம் ஆகியவற்றை இலவசமாகப் பதியலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பொருளின் பெயரை எழுதினால் தேடுவோர் எம்மொழியில் தேடினும் கண்டுகொள்வர். படங்களைப் பகல் வெளிச்சத்தில், பாயின் அளவு விளங்கும்படி, ஒரு கதிரையின் அருகில் வைத்து எடுக்கலாம். தறியில் நெய்யும் காட்சி ஒன்றும் அவசியம். அதைக் காணாதவர் கைத்தறிப் பாயின் விலையை இயந்திரத்தில் செய்த பாயின் விலையுடனேயே ஒப்பிடுவார்.

விசாரிப்புப் படியில் நம் நாட்டு வணிகர் பலர் செய்யும் தவறு, விலையைக் குறிப்பிடாது "விலைக்கு இன்பொக்ஸ் செய்யவும்" என எழுதுவதாகும். வாங்க எண்ணுபவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். விலையைக் காட்சிப்படுத்துவது வியாபாரியின் கடமை என 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் கூறுகின்றது. விநியோகக் கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓடர் கொடுக்கும் வேளையில் புதிதாக ஒரு தொகை முளைத்தால் நம்பிக்கை போய்விடும். விசாரிப்புக்கு விரைவில் பதில் அளித்தலும், பொருளைப் பெறும்போது பணம் செலுத்த வசதியளித்தலும் மூன்றாம் படியை உயர்த்தும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு வாரமும் எண்களைக் கொப்பியிற் பதிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பயன் தந்தது எது என அறிய இயலாது. கண்டிக்கு உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. எசல பெரஹராவையொட்டி ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நகரில் சனம் நிறைந்து விற்பனை இயல்பாகவே கூடும். ஜூனில் படத்தை மாற்றிவிட்டு, ஓகஸ்டில் கூடிய விற்பனைக்குப் படமே காரணம் என எழுதுவது பிழை. பருவகால விளைவைச் சென்ற ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிட்டே பிரித்தறியலாம்.

ஒரே தளத்தை நம்பியிருப்பதும் ஆபத்தானது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நிகழ்ந்த வன்செயல்களையடுத்து, முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்நாட்களில் முகநூலை மட்டுமே கடையாகக் கொண்டோருக்குக் கடையே இருக்கவில்லை. வாங்கியவரின் தொலைபேசி இலக்கத்தை அவரது சம்மதத்துடன் பதிந்து வைத்திருந்தால் ஓர் அழைப்பில் வியாபாரம் தொடரும். அவ்விலக்கத்தை வேறெவருக்கும் கொடுத்தலாகாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது.

பயிற்சி வினா

பேராதனைப் பூங்காவுக்கு அருகிலுள்ள விருந்தினர் இல்லமொன்று இரவுக்கு ரூபா 6000 வீதம் அறைகளை வாடகைக்கு விடுகின்றது. எல்லா முன்பதிவுகளும் இணையத்தளமொன்றின் மூலமே வருகின்றன. அத்தளம் வாடகையில் 15% ஐத் தரகாகப் பெறுகின்றது.

(அ) மாதமொன்றில் 40 முன்பதிவுகள் (ஒவ்வொன்றும் ஓர் இரவு) வந்தால் செலுத்தும் தரகு எவ்வளவு?
(ஆ) அவற்றுள் 10 முன்பதிவுகள் நேரடியாகக் கிடைத்தால் மீதப்படும் தொகை யாது?
(இ) நேரடி முன்பதிவைக் கூட்ட, செலவு குறைந்த இரு வழிகளைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் எப்படியை உயர்த்தும் எனக் கூறுக.
(ஈ) இணையத்தளத்தை முற்றாகக் கைவிடுமாறு உரிமையாளருக்கு நீங்கள் ஆலோசனை கூறுவீர்களா? காரணம் தருக.

விடைகள்: (அ) ரூபா 36,000 (ஆ) ரூபா 9000. (ஈ) இற்கு 'ஆம்', 'இல்லை' இரண்டும் ஏற்கப்படும், புள்ளி காரணத்துக்கே.