பங்கும் மிச்சமும்

ஒரு கலம் நெல்லை மூவர் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில் இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு தூணி கிடைக்கும். களத்தில் எதுவும் எஞ்சாது. அம்மூவரே ஒரு ரூபாயைப் பங்கிடப் புகுந்தால், ஆளுக்கு 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். அதனை யார் கொள்வது என்பது வழக்காகிவிடும். பங்கிடுவோர் அவரே, அவர்தம் நேர்மையும் அதுவே. நெல்லில் தோன்றாத வழக்குப் பணத்தில் மட்டும் தோன்றுவது ஏன்? குறை மனிதரிடத்து இல்லை. முழுப்பொருளை எத்தனை கூறாக வகுத்துள்ளனர் என்னும் எண்ணின் இயல்பிலேயே அது பொதிந்து கிடக்கிறது.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் ‘நெல்லிலக்கம்’ என்னும் சுவடியைக் கொண்டு முகத்தல் அளவைகளை மனப்பாடம் செய்தனர். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். அளவைகள் ஊர்தோறும் சிறிது வேறுபட்டனவாயினும், வாய்பாடு பெரிதும் இவ்வாறே வழங்கிற்று. இதன் அமைப்பு உற்று நோக்கத் தக்கது. அடியில் ஓர் ஐந்து நிற்கிறது. இடையெல்லாம் இரண்டின் பெருக்கம். முடியில் ஒரு மூன்று. ஒரு கலத்துக்கு 96 நாழி. செவிடாகக் கணக்கிட்டால் 3,840. இவ்வெண்ணைப் பிரித்துக்கொண்டே சென்றால், எட்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் ஓர் ஐந்தும் தம்முள் பெருகி வந்ததே இது என்பது புலனாகும்.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று முதலியன, ஒன்றாலும் தம்மாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மிச்சமின்றி வகுபடா. ஆதலின் அவை பகா எண்கள் எனப்படும். ஒன்றின் மிக்க முழு எண் எதுவாயினும், அது தானே பகா எண்ணாக இருக்கும். அன்றேல் பகா எண்களின் பெருக்கமாக இருக்கும். எழுத்துக்களால் சொல் அமைவது போன்றது இது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சொல்லில் எழுத்து முறை மாறினால் பொருள் மாறும். பெருக்கலில் முறை மாறினும் பயன் மாறாது. மூவைந்தும் பதினைந்து, ஐம்மூன்றும் பதினைந்து.

கலத்துள் மூன்று இருத்தலால் மூவர்க்குப் பங்கு நேராயிற்று; ஐந்து இருத்தலால் ஐவர்க்கும் நேராகும். ஆளுக்கு ஒரு பதக்கு, மூன்று நாழி, ஓர் ஆழாக்கு, மூன்று செவிடு. மாணவர் இதனைத் தாமே பெருக்கிச் சரிபார்த்துக் கொள்க. எழுவர் வந்தாலோ வாய்பாடு கைவிட்டு விடும். ஆளுக்கு 548 செவிடு அளந்த பின்னும் நான்கு செவிடு எஞ்சும். அவ்வெண்ணுள் ஏழு இல்லை.

நிலமும் பொன்னும் வேறு வகையாகக் கூறுபட்டன. ஒன்றின் கீழ்ப்பட்ட பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றனர். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. அதன் காற்பங்கு காணி. காணியின் காற்பங்கு முந்திரி. எனவே ஒன்றுக்கு 20 மா, 80 காணி, 320 முந்திரி ஆகும். அரை என்பது 160 முந்திரி, கால் என்பது 80, அரைக்கால் 40, வீசம் என்னும் மாகாணி 20, மா 16, அரைமா 8. இவையெல்லாம் முழு முந்திரிகளாகவே அமைந்திருத்தலைக் காண்க. பாதி, பாதியின் பாதி என்று செல்லும் வரிசையும், இருபதின் கூறாகிய மாவின் வரிசையும் ஒரே அளவில் அடங்குதற்கு 320 இடந்தந்தது. இம்முந்திரியையும் 320 கூறாக்கி, ஒரு கூற்றைக் கீழ்முந்திரி என்றனர். அஃது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. நிலத்துக்கு வரி அளந்த நாட்டில் இத்தகைய நுண்ணளவு வீண் ஆடம்பரம் அன்று. வேலிக்கு 20 மா என்று நிலம் அளந்து, மிகச் சிறிய பின்னம்வரை எழுதிய கணக்குக்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் இன்றும் காணலாம்.

ஆயின் 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகியது; அதனுள் மூன்று இல்லை. ஒரு வேலி நிலத்தை உடன்பிறந்தார் மூவர் பிரித்தால், ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு முந்திரி, அஃதாவது அரைக்காணி, மிஞ்சும். அதனைக் கீழ்முந்திரியாக மாற்றிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும். எத்துணைப் படி இறங்கினும் மிச்சம் ஒழியாது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் இவ்வாய்பாடுகளை உரத்த குரலில் நாள்தோறும் ஒப்பித்தனர். அதனால் பெற்ற நினைவாற்றல் பெரிதே. எனினும், வாய்பாடு ஏன் இவ்வாறு அமைந்தது என்பதையும் சொல்லித் தந்திருந்தால் பயன் இன்னும் பெரிதாயிருக்கும்.

பத்தின் இயல்பும் இதுவே. பத்து, இரண்டும் ஐந்தும் பெருகியது. அதனால்தான் முந்திரியைத் தசம முறையில் எழுதினால் 0.003125 என்று முற்றுப்பெறுகிறது. மூன்றில் ஒன்றோ 0.333 என்று முடிவின்றி நீள்கிறது. பத்தை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். நூறு, ஆயிரம் ஆகியவற்றை வகுத்தாலும் ஒன்றே மிஞ்சும். இக்குறையிலும் ஒரு நன்மை உண்டு. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் மிச்சமே அவ்வெண்ணின் மிச்சமும் ஆகும். 2,735 என்பதில் இலக்கங்களின் கூட்டுத்தொகை 17. அதனை மூன்றால் வகுக்க இரண்டு மிஞ்சும். 2,735ஐ வகுத்தாலும் இரண்டே மிஞ்சும்.

இந்திய நாணயம் 1957 ஏப்ரல் முதல் நாளில் இப்பத்தின் வழிக்கு மாறியது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 தம்படி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. அதனுள் மூன்று இருந்தமையால் மூவர்க்கு ஆளுக்கு ஐந்து அணா நான்கு தம்படி என்று மிச்சமின்றிப் பங்காயிற்று. ஆயினும் பற்றுவரவைக் கூட்டுங்கால் பன்னிரண்டில் ஒரு முறையும் பதினாறில் ஒரு முறையும் மேலேற்ற வேண்டியிருந்தது. நூறு காசு என்று ஆனபின் அத்தொல்லை நீங்கியது. பங்கிடுதலினும் கூட்டுதலே அன்றாடம் மிகுதியாக நிகழ்வதாதலின், அம்மாற்றம் தக்கதே.

மாற்றக் காலத்தில்தான் எளியோர் விழிப்பாக இருக்க வேண்டியதாயிற்று. ஓரணாவின் சரியான மதிப்பு ஆறேகால் காசு. காற்காசு நாணயம் இல்லாமையால் ஓரணாவுக்கு 6 காசு, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நான்கணாவுக்கு 25 என்று வகுத்தனர். பதினாறு ஓரணாக்களை ஒவ்வொன்றாக மாற்றியவர்க்கு 96 காசே கிடைக்கும். நான்கு காசு இழப்பு. நான்கு நான்காகச் சேர்த்து மாற்றியவர்க்கு ஒரு ரூபாய் முழுமையாக வரும். மும்மூன்று அணாவாக ஐந்து முறை மாற்றி, எஞ்சிய ஓரணாவை இறுதியில் மாற்றியவர்க்கோ 101 காசு வரும்.