ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைப்பது எப்படி?

மெஷின் லேபில் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓ.சி. டெஸ்ட் செய்யாதவர் நம்மில் யாருமில்லை. எல்.டி. பக்கம் சப்ளை கொடுத்து, ஹெச்.டி. பக்கத்தைத் திறந்து வைப்போம். திறந்து கிடக்கும் அந்த டெர்மினலைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் பாடம். அதே டெஸ்டை, தெரியாமலே, நம் தெருக்களில் பலர் செய்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

கரண்ட் போனதும் ஒரு வயரின் இரண்டு முனையிலும் பின் டாப் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றை வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கிலும் சொருகுகிறார்கள். வீடு முழுக்க லைட் எரியும். "எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். மெயின் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்தால் என்ன ஆகும்? ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டரைத் தாண்டி, சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கம்!

தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000/433 வோல்ட். 433 வோல்ட் என்பது லைனுக்கு லைன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250 வோல்ட். அந்த 250-க்கு எதிரே ஹெச்.டி.யில் 11,000. ஆகவே நாம் தரும் 230 வோல்ட், மறுபக்கம் சுமார் 10,000 வோல்ட்டாக ஏறும். இதுதான் பேக் ஃபீட்.

"சின்ன ஜெனரேட்டர் தம்பி, தெரு லோடு இழுத்தா அதுவே நின்னுடும்" என்று சிலர் வாதம் செய்வார்கள். பெரும்பாலும் நிற்கும், உண்மைதான். ஆனால் புயலில் நம் வீட்டுக்கு அடுத்த கம்பத்திலேயே கம்பி அறுந்து கிடந்தால் லோடு ஏது? ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும். லைன்மேனைக் கொல்ல 10,000 வோல்ட் எதற்கு, 230 போதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது வெளிமாவட்ட ஊழியர்களும் வந்து கம்பம் நட்டார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரியான முறை

1. மெயின் சுவிட்சுக்கும் டி.பி.க்கும் நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். சிங்கிள் பேஸுக்கு இரண்டு போல், த்ரீ பேஸுக்கு நான்கு போல். ஒரு பக்கம் இ.பி., ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. மறதிக்கு அங்கே இடமில்லை. நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதை மறவாதீர்.

2. ஜெனரேட்டரின் பாடிக்கு எர்த் கொடுக்க வேண்டும். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த் ஆகாமல் மிதக்கும். அப்படியே வீட்டுக்குக் கொடுத்தால், பேஸ் லீக் ஆனாலும் கரண்ட் திரும்பி வரப் பாதை இருக்காது, ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகாது. எனவே ஜெனரேட்டர் பக்கத்து நியூட்ரலையும் எர்த்தில் சேர்க்க வேண்டும்.

3. லோடு கணக்குப் போடுங்கள். 2 கே.வி.ஏ. என்றால் 2000/230, அதாவது சுமார் 8.7 ஆம்பியர். 9 வாட் பல்பு ஆறு, 75 வாட் ஃபேன் மூன்று, 100 வாட் டி.வி. ஒன்று: மொத்தம் 379 வாட். தாராளமாக இழுக்கும். ஆனால் 1 ஹெச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். இதனால் தாங்காது.

4. முதலில் எஞ்சின், வோல்டேஜ் நிலைத்த பின் சேஞ்ச் ஓவர், பிறகு லோடு ஒவ்வொன்றாக. நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு, அப்புறம்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

5. மழைக்குப் பயந்து திண்ணையிலோ அறைக்குள்ளோ வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வெட்டவெளியில், ஜன்னலுக்குத் தள்ளி, மேலே மட்டும் கூரை போட்டு வையுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது.

இந்த வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். நமக்கு இன்னும் அந்த உரிமை வரவில்லை. ஆனால் சொல்லும் உரிமை உண்டு.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் "கரண்டு படிக்கிற தம்பிய கூப்பிடு" என்கிறார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். நாளை ஒரு பெரியவர் வந்து, "தம்பி, ரெண்டு பக்கமும் பின் வெச்சு ஒரு வயர் செஞ்சு குடுப்பா" என்று கேட்பார். மறுத்தால் படித்த திமிர் என்று பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். "மாட்டேன் பெரியப்பா, கம்பத்துல ஒருத்தர் இருக்காரு" என்று சொல்லி, சேஞ்ச் ஓவர் சுவிட்சை விளக்குங்கள். ஊர் நம்மை நம்பிக் கேட்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் மரியாதை அதுதான்.



— இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை