கால்வாய்ப் படகுக்கு எந்தக் கணப்பு?

இங்கிலாந்தின் கால்வாய்களில் ‘நாரோபோட்’ எனப்படும் ஒடுங்கிய எஃகுப் படகையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் பலர். படகின் அகலம் பொதுவாக ஏழடிதான். நீளம் ஐம்பது, அறுபது அடி. அப்படியொரு படகுக்குக் கணப்பு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘எத்தனை கிலோவாட்?’ என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: டிசம்பர் இரவில், கரையிலிருந்து மின்கம்பி வராத இடத்தில், இந்தக் கருவி எதை நம்பி ஓடும்? எரிபொருள் கிடைப்பது பெரிய சிரமமில்லை. டீசலும் கரியும் விற்கும் படகுகளே பல கால்வாய்களில் வந்து போகின்றன. தட்டுப்பாடு மின்சாரத்துக்குத்தான். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. தாழ்வாக அடிக்கும் அந்த வெயிலில் சூரியத் தகடு தருவது சொற்பம். குளிர் கடுமையான மாதத்தில்தான் மின்சாரமும் மிகக் குறைவு.

இந்தக் கணக்கில் மின்சார ஹீட்டர் முதலிலேயே விழுந்துவிடுகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால்தான் அது நீண்ட நாள் உழைக்கும். அந்தப் பாதி 0.6 யூனிட். இரண்டு கிலோவாட் ஹீட்டர் அதை இருபது நிமிடத்துக்குள் குடித்துவிடும். கரை மின்சாரம் உள்ள துறையில் நிரந்தரமாகக் கட்டி வைக்கிறவருக்கு மட்டுமே அது பொருந்தும். டீசலை எரித்துச் சூடான காற்றை ஊதும் ஹீட்டர்கள் இவ்வளவு கேட்பதில்லை. பற்றவைக்கும்போது சில நிமிடங்களுக்குச் சுமார் 10 ஆம்பியர், பிறகு விசிறிக்கும் பம்புக்கும் ஓரிரண்டு ஆம்பியர். ஆனால் இரண்டு ஆம்பியர் என்றாலும் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 48 ஆம்பியர்-மணி. மேலே சொன்ன பேட்டரியின் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் அப்புறம்.

ஆகவே டீசல் ஹீட்டர் வார இறுதியில் வந்து தங்குகிறவருக்கு உரியது. பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் கதகதப்பு, கிளம்பும்போது அணைத்துவிடலாம். அதை வாங்குகிறவர்கள் அதிகம் தவறுவது அளவில்தான். ‘பெரியதாக வாங்கிக் குறைத்து ஓட்டலாம்’ என்ற யோசனை இங்கே செல்லாது. நெடுநேரம் தணிந்து எரியும் டீசல் முழுமையாக எரியாமல் எரிகலத்தில் கரியாகப் படியும். பற்றவைப்பது சிரமமாகி, ஒருநாள் கருவி நின்றுபோகும். நல்ல வெப்பக்காப்பு உள்ள சிறு படகுக்கு இரண்டு கிலோவாட் கருவியை முழு வேகத்தில் ஓட்டுவது, ஐந்து கிலோவாட் கருவியைத் தூங்கவிடுவதைவிட மேல். மின்சாரமே கேட்காமல், தொட்டியிலிருந்து புவியீர்ப்பில் சொட்டும் டீசலில் எரியும் அடுப்புகளும் உண்டு. டென்மார்க்கின் ‘ரெஃப்ளெக்ஸ்’ அந்த வகை. கரி சுமக்க முடியாதவர்களுக்கு அது நல்ல நடுவழி.

எரிவாயுவைக் கணப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். புகைபோக்கி இல்லாமல் எரித்தாலோ ஆபத்து இரட்டிப்பாகும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. அது அறைக்குள்ளேயே நின்றால் எஃகுச் சுவர் வியர்க்கும், மெத்தைக்கடியில் பூஞ்சை படரும். மண்ணெண்ணெய் ஹீட்டர்களுக்கும் இதே கதிதான்.

படகிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறவருக்கு என் தேர்வு திட எரிபொருள் அடுப்பு. மோர்சோ நிறுவனத்தின் ‘ஸ்குவிரல்’ போன்ற சிறு வார்ப்பிரும்பு அடுப்பில் புகையில்லாக் கரியைப் போட்டுக் காற்றுவழியைக் குறைத்துவிட்டால் இரவு முழுக்கக் கனன்றிருக்கும். ஒரு துளி மின்சாரம் வேண்டாம். அறையின் ஈரக்காற்றையும் புகைபோக்கி வழியே இழுத்துப் போகும். சாம்பல் அள்ள வேண்டும், தூசு படியும் என்பது உண்மைதான். ஒரு முனையில் வேகும்போது மறுமுனைப் படுக்கையறை குளிர்ந்து கிடக்கும் என்பதும் உண்மை. அதற்கு அடுப்பின் பின்புறம் கொதிகலன் வைத்து, பம்பு இல்லாமல் வெந்நீர் தானாகச் சுழலும்படி குழாய் அமைக்கலாம்.

புகை பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. வீட்டுக்கணப்புக்கான சாதாரண நிலக்கரியின் விற்பனை இங்கிலாந்தில் 2023 மே மாதத்தோடு முற்றிலும் நின்றுவிட்டது. கட்டி நிற்கும் படகுகளையும் புகைக்கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இடம் தருகிறது. இதை நான் ஏற்கிறேன்: கரைவீட்டு ஜன்னல்களுக்கு அருகில், மின்இணைப்பும் உள்ள இடத்தில் படகைக் கட்டியிருப்பவர் அடுப்பை விட்டு மின்சாரத்துக்குப் போவதே முறை. மற்ற இடங்களில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைந்த விறகும் புகையில்லாக் கரியும் மட்டுமே எரிக்க வேண்டும்.

கடைசியாக, எரிகிற எதிலிருந்தும் வரக்கூடிய நச்சு வாயு: கார்பன் மோனாக்சைடு அடுப்பால் மட்டும் வருவதல்ல. 2013-இல் வின்டர்மியர் ஏரியில் ஒரு படகில் தாயையும் மகளையும் கொன்றது ஜெனரேட்டரின் புகை. தங்கும் அறையுள்ள படகுகளில் இதற்கான அலாரம் 2019 ஏப்ரல் முதல் பிரிட்டனின் படகுப் பாதுகாப்பு விதிகளில் கட்டாயம். எந்தக் கணப்பை வாங்கினாலும் முதல் தீ மூட்டுமுன் அந்த அலாரத்தை மாட்டுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்காதீர்கள்.