காரின் தீப்பொறியும் வானொலியின் இரைச்சலும்

1970களில் வீரகேரளம்புதூரிலிருந்து குற்றாலத்திற்கு ஓர் அம்பாசிடர் கார் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காரிலுள்ள வானொலியில் திருநெல்வேலி நிலையம் மத்திய அலையில் தெளிவாகக் கேட்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டோடு ‘டிக் டிக்’ என்ற ஒலியும் சேர்ந்துகொள்கிறது. வேகம் கூடக்கூட அதுவே ‘கிர்ர்’ என்ற இரைச்சலாகிறது. இது எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்ற வைப்பது ஸ்பார்க் பிளக். பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் அதன் இடைவெளியில் தீப்பொறி தாவுகிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் மிக விரைவாக ஏறி இறங்குவதால் மின்காந்த அலைகள் பிறக்கின்றன. 1887இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் இவ்வலைகளை உண்டாக்கியது தீப்பொறியால்தான். 1890களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், தீப்பொறியில் பிறந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். ஆகவே ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு சிறிய ஒலிபரப்பி. அதன் கம்பியே ஏரியல்!

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. நான்கு சிலிண்டர்கள், நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்றால், நிமிடத்திற்கு 6000 தீப்பொறிகள். அதாவது நொடிக்கு 100. ‘டிக்’ ஒலி ‘கிர்ர்’ ஆவது இதனால்தான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. இந்த இரைச்சலும் இல்லை.

இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது நல்லது. பிளக் கம்பியில் 10,000 ஓம் மின்தடையைச் சேர்ப்பார்கள். தீப்பொறி அணைந்துவிடாதா? தாவியபின் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர். ஓம் விதிப்படி இழப்பு 300 வோல்ட் மட்டுமே. பல ஆயிரம் வோல்ட்டில் இது சிறு பங்கு. ஆனால் அலையைப் பிறப்பிக்கும் வேகமான அதிர்வுகளை அம்மின்தடை தணித்துவிடுகிறது.

மின்கம்பி வழியாகவும் இரைச்சல் வானொலிக்குள் நுழையும். இக்னிஷன் காயிலில் பேட்டரியிலிருந்து கம்பி வந்து சேரும் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு மின்தேக்கியை இணைப்பார்கள். அது நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, விரைவான அதிர்வுகளை மட்டும் உடலுக்குள் வடித்துவிடும்.

எஞ்சினைத் தொட்டு ஆராயாதீர்கள்; அது மெக்கானிக்கின் வேலை. வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். டிரான்சிஸ்டரை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, அறையின் விளக்கைப் போட்டு அணையுங்கள். ‘டிக்’ என்று கேட்கிறதா? சுவிட்சுக்குள்ளும் ஒரு தீப்பொறி தாவியிருக்கிறது!