வருஷங்களை விற்காதீர்கள்

கோயம்புத்தூர்ப் பஞ்சாலை ஒன்றின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆள் சேரும்போது பெயர் பதிவதும், நின்றுபோகும்போது கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்குவதும் என் மேஜையில்தான் நடக்கும். ஓய்வுக்குப் பிறகும் பி.எஃப். படிவம், பென்ஷன் மனு, ஈ.எஸ்.ஐ. அட்டை என்று யாராவது வீடு தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. இதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டிய வயது நாற்பத்தைந்து. அந்த வயதில் யாரும் வருவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

மில் வேலைக்காரருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சம்பாத்தியம் அவர் வேலை பார்த்த வருஷங்கள். மாத பென்ஷனுக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் தொடர ஐந்து வருஷம் வேண்டும். இருபது வருஷம் முடித்தவருக்குப் பென்ஷன் கணக்கில் இரண்டு வருஷம் சும்மா கூட்டித் தருகிறார்கள். எல்லாச் சலுகையும் வருஷத்தை எண்ணித்தான் வருகிறது. அந்த வருஷங்களை நம் ஆட்கள் கொஞ்சம் ரொக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள், கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே.

நடப்பது இதுதான். ஒரு மில்லை விட்டு நின்றதும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் "பி.எஃப். பணம் எடுக்கணும்" என்பார்கள். அங்கே இருக்கிற பையன் இரண்டு மனு போடுவான். படிவம் 19 பி.எஃப். தொகைக்கு, படிவம் 10சி பென்ஷன் பங்குக்கு. பணம் இரண்டு தவணையாக வந்து சேரும். இரண்டாவதாக வந்த தொகை அத்தனை வருஷ சேவைக்கான விலை. அதை வாங்கியதோடு அந்த வருஷங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பிறகு திருப்பிக் கட்டிச் சேர்க்க முடியாது.

கணக்காகவே பார்க்கலாம். 1995 நவம்பர் 16-இல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தின் சூத்திரம் எளிது: பென்ஷன் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பென்ஷன் சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி, அதுவும் 15,000 ரூபாய் வரைதான். (2014 ஆகஸ்ட் வரையிலான சேவைக்கு உச்சவரம்பு 6,500, பழைய ஆட்களுக்கு இரண்டாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள்.) பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 47 வயதில், 2014 கடைசியில் கோன் வைண்டிங் வேலைக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் மில்லில் ஐந்து வருஷம், அடுத்ததில் ஆறு வருஷம். முதல் மில்லை விடும்போது சம்பளம் 9,000. அப்போது பென்ஷன் பங்கை எடுத்தால் ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம், அதாவது 45,000 ரூபாய் கைக்கு வரும். எடுக்காமல் விட்டிருந்தால்? ஓய்வின்போது அவருடைய ஐந்து வருஷச் சராசரி 14,000 என்று வைத்துக்கொண்டால், 14,000-ஐ 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, மாதம் 2,200 ரூபாய், ஆயுள் முழுக்க. எடுத்தவருக்கு மிஞ்சுவது ஆறு வருஷம் மட்டும். பத்து வருஷம் இல்லாததால் பென்ஷனே கிடையாது.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. 9,000 சம்பளத்தில் உழைத்த அந்த ஐந்து வருஷத்துக்கும் ஓய்வுக் காலத்தில் 14,000 சம்பள மதிப்பே கிடைக்கிறது. இளவயதில் குறைந்த கூலிக்குப் பார்த்த வருஷங்களின் மதிப்பு நம்மை அறியாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதை அன்றைய கூலிக்கு விற்பது விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பதுதான்.

"அந்தப் பணத்தை எடுத்து பாங்கில போட்டா வட்டி வருமுல்லீங்க்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் நான் பார்த்த வரையில் அந்தப் பணம் பாங்குக்குப் போனதில்லை. சீட்டுப் பாக்கிக்கும் மகள் சீருக்கும் கரைந்துபோகும். கஷ்டம் வந்தால் பி.எஃப். தொகையிலிருந்து எடுங்கள், அது உங்கள் சேமிப்பு. பென்ஷன் பங்கை மட்டும் தொடாதீர்கள். வேறு மில்லில் சேர்ந்தால் பழைய கணக்கை யு.ஏ.என். எண் வழியாகப் புதியதோடு இணையுங்கள். உடனே வேறு வேலைக்குப் போகவில்லை என்றால் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகச் சேவைச் சான்றிதழ் கேட்கலாம். 'ஸ்கீம் சர்டிபிகேட்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் உங்கள் வருஷங்கள் பத்திரமாக இருக்கும்.

கணக்கை இணைத்த பிறகு பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் சைபர் என்று காட்டும். அதைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்கள் அதிகம். பதற வேண்டாம். அங்கே மாறுவது பணம் இல்லை, சேவைக் காலம். பென்ஷனும் அந்தப் பத்தியில் உள்ள தொகையை வைத்து வருவதில்லை, மேலே சொன்ன சூத்திரப்படிதான் வரும்.

கடைசி ஐந்து வருஷம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு வயதில் ராத்திரி ஷிப்ட் தாங்காமல், குறைந்த சம்பளத்துக்கு வீட்டுப் பக்கத்தில் சின்ன மில்லில் சேர்வார்கள். உடம்பு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைந்த சம்பளம் முந்தைய அத்தனை வருஷங்களின் பென்ஷனையும் சேர்த்துக் கீழே இழுக்கும். முடிந்தால் அதே மில்லில் லேசான வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். பி.எஃப். எந்தச் சம்பளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்றும் சம்பளச் சீட்டில் பாருங்கள். கையில் வாங்குவது ஒன்று, பி.எஃப். போடுவது அதைவிடக் குறைந்த ஒன்று என்றிருந்தால் பென்ஷன் அந்தக் குறைந்ததில்தான் நிற்கும்.

ஐம்பது வயதிலேயே பென்ஷன் வாங்கலாம் என்று ஆசை காட்டுபவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம்தான். 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் நான்கு சதவீதம் வெட்டுவார்கள், 58 ஆனாலும் அந்த வெட்டு சரியாகாது. வேலை செய்ய முடியாத நோயாளிக்கு அது உதவும், மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை. எதிர்ப்பக்கமும் ஒரு வழி உண்டு. 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு நான்கு சதவீதம் கூடும். 58-க்குப் பிறகு அதே மில்லில் தொடர்ந்தால் பென்ஷன் பங்கு பிடிப்பதைப் பொதுவாக நிறுத்திவிட வேண்டும், நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். இதைக் கவனிக்காத மில்களில் பல மாதம் தவறாகப் போய், பென்ஷன் மனு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மனுக்கள் திரும்புவதற்கு இன்னும் பெரிய காரணம் பெயரும் பிறந்த தேதியும். நம் பக்கத்துப் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல். மில் ரிக்கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாங்கு புத்தகத்தில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராக இன்னொன்று. அந்தக் காலத்தில் டாக்டர் குத்துமதிப்பாகத் தந்த வயதுச் சான்றை வைத்து வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிறந்த தேதி எதிலும் ஒத்துப்போகாது. திருத்தலாம். தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி மனு இருக்கிறது. நிர்வாகம் என்று ஒன்று இருந்தால்தான் கையெழுத்து கிடைக்கும். கோவையில் எத்தனை மில் கேட் பூட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மூடிய மில்லின் ஆட்கள் கையெழுத்துக்கு அலைவதைப் பார்க்கச் சகிக்காது. மில் ஓடும்போதே, உங்களைத் தெரிந்த ஆள் ஆபீஸில் இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினி கல்யாணத்தோடு செல்லாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். புதிதாகப் பதிய வேண்டும்.

விலகல் காரணமும் முக்கியம். ஓய்வு வயதில் நிற்பவருக்கு ராஜினாமா என்று எழுதிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 'வயது மூப்பு ஓய்வு' என்றே பதியச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. வைத்தியம் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது.

ஈ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955-இல். இன்று மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவரிடம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. ஓய்வோடு அட்டையும் முடிந்தது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது மூப்பால் ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவரும் அவருடைய கணவரோ மனைவியோ வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். 14,000 சம்பளக்காரருக்கு ஒரு மாதத்தில் பிடித்ததே 105 ரூபாய். அதைவிடப் பதினைந்து ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஒரு வருஷம் முழுக்க இருவருக்கும் வைத்தியம். ஓய்வுச் சான்றோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

இந்த 120 ரூபாயை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். வயதானவர் வீட்டில் பணம் கரைவது ஆபரேஷனில் மட்டும் அல்ல, தினமும் போடும் மாத்திரையில். சர்க்கரை, பிரஷர், பஞ்சுத்தூசி தந்த இளைப்பு என்று மாதா மாதம் மருந்துக்கடையில் கொடுக்கிற பணமே பென்ஷனைத் தின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரிய சிகிச்சைக்கு நல்ல துணை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் அட்டை எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடாதீர்கள். 70 நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29-இல் தொடங்கிய திட்டத்துக்கு ஆதாரில் உள்ள வயதே சான்று. ஆனால் இவை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கானவை. தினசரி மாத்திரைக்கு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிதான் கை கொடுக்கும். அது இல்லாதவர்கள் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வரும்.

பென்ஷன் தொகை போதுமா என்றால், போதாது. குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்து வருஷம் தாண்டியும் அதே ஆயிரம்தான். விலைவாசி ஏறினாலும் இந்தப் பென்ஷன் ஏறுவதில்லை, பஞ்சப்படி கிடையாது. முப்பது வருஷம் நின்றுகொண்டே நூல் ஒட்டிய ஒரு பெண்ணுக்கு நாடு தருவது இவ்வளவுதானா என்று எனக்கு ஆற்றாமை உண்டு. சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன, கேட்கத்தான் வேண்டும். தொகை சின்னது என்பதற்காக விட்டுவிடுபவர்களைத்தான் நான் கண்டிக்கிறேன். மருமகளிடம் கை நீட்டாமல் பேரனுக்கு வாங்கிக் கொடுக்க முடிகிற பணம் அது.

வாங்கத் தொடங்கிய பிறகு உயிர்ச்சான்று. நவம்பர் மாதம்தான் என்று இல்லை, எந்த மாதம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். சைடராக நூல் ஒட்டி ஒட்டி ரேகை தேய்ந்த விரலை எந்திரம் ஏற்காமல் போவது இங்கே சாதாரணம். முகத்தைக் காட்டிப் பதியும் வசதி செல்போனிலேயே இருக்கிறது, பிள்ளைகளிடம் சொன்னால் செய்துவிடுவார்கள். 2025 ஜனவரி முதல் எந்த பாங்கின் எந்தக் கிளையிலும் இந்தப் பென்ஷனைப் பெறலாம் என்பதால், மகன் வீட்டுக்குக் குடிபோனாலும் பழைய கிளையைத் தேடி வர வேண்டியதில்லை.

வாங்குபவர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ பாதி. வேலையில் இருக்கும்போதே இறந்தால், ஒரு மாதச் சந்தா போயிருந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தனியாக உண்டு. இது தெரியாமல் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த விதவைகளை நான் அறிவேன். கணவரின் பென்ஷன் உத்தரவு எண் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஆண்களுக்குச் சொல்கிறேன்: அந்த உத்தரவின் நகல், யு.ஏ.என். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மனைவி கையில் கொடுங்கள். அவர் பெயரில் தனியாக ஒரு பாங்கு கணக்கு தொடங்குங்கள். அந்தக் கணக்கிலும் அவருடைய ஆதாரிலும் உங்கள் பென்ஷன் உத்தரவிலும் அவர் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.